வீட்டில் கோழி, ஆடு, மாடு வளர்ப்பவர்கள் முதலுதவிப் பெட்டியில் என்ன வைக்கலாம்?

பன்னிரண்டு நாட்டுக்கோழி, மூன்று வெள்ளாடு, ஒரு கறவை மாடு வைத்திருக்கிறீர்கள். கால்நடை மருந்தகம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவசரத்துக்கு என்னென்ன மருந்து வாங்கி வைக்கலாம், ஊசியும் வாங்கி வைத்துக்கொண்டு நாமே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் தருகிறேன், ஆனால் அதில் மருந்து குறைவாகத்தான் இருக்கும். டாக்டர் வந்து சேரும் வரை, இல்லை நீங்கள் வண்டி பிடித்து அங்கே போய்ச் சேரும் வரை உள்ள ஒன்றிரண்டு மணி நேரம் உயிரைப் பிடித்து வைப்பதற்குத்தான் இந்தப் பெட்டி. அந்த நேரத்துக்கு ஆன்டிபயாட்டிக் பெரிதாக உதவாது. ரத்தத்தை நிறுத்துவது, புண்ணைக் கழுவுவது, உப்புசத்தைக் குறைப்பது, நோயைச் சரியாகச் சொல்லி டாக்டரை வரவழைப்பது, இவைதான் உதவும்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது தெர்மாமீட்டர். நம் வீட்டில் காய்ச்சல் பார்க்கிற சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும், மாட்டுக்கென்று தனியாக ஒன்று வைத்து, தெர்மாமீட்டரின் பின்முனையில் ஒரு அடி நூலும் நூல் முனையில் ஒரு துணிக் கிளிப்பும் கட்டிவிடுங்கள். கிளிப்பை வால்முடியில் மாட்டிவிட்டால் உள்ளே போகவும் செய்யாது, கீழே விழுந்து மிதிபடவும் செய்யாது. முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் விட்டு, சாணத்துக்குள் குத்தி நிற்காமல் பக்கச் சதையில் படும்படி லேசாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மாட்டுக்கு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், வெள்ளாட்டுக்கு 101.5 முதல் 104 வரை, கோழிக்கு 105 முதல் 107 வரை சாதாரணம். சித்திரை வெயிலில் மதியம் எடுத்தால் ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டும், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆடு நன்றாக இருக்கும் நாளிலேயே காலையிலும் மாலையிலும் எடுத்து எழுதி வையுங்கள். உங்கள் ஆட்டின் இயல்பு தெரிந்திருந்தால்தான் 105 என்று காட்டும்போது அது காய்ச்சல் என்று உறுதியாகச் சொல்ல முடியும். "டல்லா இருக்கு சார், மேய மாட்டேங்குது" என்று போனில் சொன்னால் டாக்டரால் எதுவும் சொல்ல முடியாது. "காய்ச்சல் 105.4, நேற்று மாலையிலிருந்து அசை போடவில்லை, சாணம் தண்ணியாகப் போகிறது" என்றால் அவர் கிளம்பும்போதே எதை எடுத்து வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவார்.

அதே மாதிரி இரைப்பை அசைவு பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள், அதற்குக் காசே வேண்டாம். இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் குழியாக இருக்கும் இடத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை உள்ளிருந்து கையைத் தள்ளும். தள்ளவே இல்லையென்றால் இரைப்பை நின்றுவிட்டது. குழி இருந்த இடம் மேடாகி, தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வந்தால் வயிறு உப்புசம்.

இனி பெட்டிக்குள் போக வேண்டியவை. பஞ்சு, காஸ் துணி, மூன்று அங்குல பேண்டேஜ் ரோல் நாலைந்து, அகல ஒட்டுப் பட்டை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், முள் எடுக்கிற இடுக்கி, ரப்பர் கையுறை ஒரு டப்பா, நல்ல டார்ச். ஊசி இல்லாத சிரிஞ்ச் 5, 20, 50 மில்லி அளவுகளில் இரண்டிரண்டு, இவை மருந்து புகட்டவும் புண்ணுக்குள் தண்ணீர் பீய்ச்சவும். போவிடோன் அயோடின் திரவம் அரை லிட்டர் பாட்டில், சின்ன பாட்டில் மாட்டுக்குப் போதவே போதாது. ஈ மொய்க்காமல் இருக்கப் புண்ணில் அடிக்கிற கால்நடை ஸ்பிரே ஒன்று. டர்பன்டைன் எண்ணெய் 100 மில்லி. சமையல் சோடா கால் கிலோ, கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு லிட்டர் இதற்கென்று தனியாக. ஓஆர்எஸ் பாக்கெட் பத்து. மஞ்சள் தூள், வேப்பெண்ணெய், படிகாரம். ஒரு அளக்கிற டேப். கழுத்துக் கயிறு ஒன்று, பழைய டவல்கள், கோழியை வைக்க மூடி போட்ட கூடை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் பலர் வைத்திருப்பார்கள், தண்ணீர் வெளிர் ரோஜா நிறம் வருகிற அளவுக்கு மட்டும் போட்டு, துகள் முழுக்கக் கரைந்த பிறகே பயன்படுத்துங்கள், கரையாத துகள் சதையில் பட்டால் பொசுக்கிவிடும்.

டேப் எதற்கு என்று கேட்பீர்கள். எந்த மருந்தும் எடைக்குத் தகுந்துதான், வீட்டில் மாட்டை நிறுக்க முடியாது. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். சுற்றளவு 24, நீளம் 22 உள்ள ஆடு 19 கிலோ. சுற்றளவு 64, நீளம் 54 உள்ள மாடு 335 கிலோ. குடற்புழு மருந்தைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் குறைவாகவே கொடுக்கிறார்கள், அதனால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிவிடுகிறது.

காயங்களில் நம் ஊரில் அதிகம் பார்ப்பது நாய் கடித்த ஆடு, இதை விரிவாகவே சொல்கிறேன். மேலே பார்த்தால் தொடையில் இரண்டு சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ளே தோலும் சதையும் பிரிந்து நசுங்கிப் போயிருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் பீறிட்டால் முதலில் காஸ் துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்தி, பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் பிடிக்க வேண்டும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஆரம்பிக்கும். ரத்தம் கட்டுக்குள் இருந்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், வெறிநோய்க் கிருமிக்கு எதிராக வீட்டிலேயே செய்ய முடிந்த பெரிய வேலை இதுதான். பிறகு புண்ணைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு முடியை வெட்டுங்கள், அப்போதுதான் தெரியாத மற்ற பல் தடங்களும் தெரிய வரும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் பீய்ச்சி, வருகிற தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும். கடைசியில் அயோடினைத் தண்ணீர் கலந்து பால் சேர்க்காத வெளிறிய டீயின் நிறத்துக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். காபித்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் என்று எதையும் அப்ப வேண்டாம். நாய்க்கடிப் புண்ணை இறுக்கிக் கட்டவும் வேண்டாம், சீழ் வெளியேற வழி வேண்டும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசியை ஆரம்பித்துவிட வேண்டும், கடித்த நாள், 3, 7, 14, 28 என்று ஐந்து தவணை. முதல் ஊசியோடு ஆடு தேறிவிட்டது என்று மீதியை விட்டுவிடுகிறவர்கள் நிறைய, அது ரொம்ப ஆபத்தான வேலை.

இன்னொன்று, மாடு வாயில் எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி நின்றால் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதீர்கள். வெறிநோய் வந்த மாடும் அப்படித்தான் நிற்கும். கையில் ஒரு சிராய்ப்பு இருந்தாலே போதும்.

புழுப்புண்ணுக்குத்தான் டர்பன்டைன். பஞ்சை அதில் நனைத்துப் பிழிந்து புண்ணுக்குள் வைத்துச் சில நிமிடம் விட்டால் புழுக்கள் மூச்சுமுட்டி மேலே வரும், இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, மறுநாளும் பார்க்க வேண்டும், ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது. பிறகு வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் புண்ணைச் சுற்றித் தடவினால் ஈ அண்டாது. வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைப் புண்ணில் ஊற்றுவதும், உண்ணிக்கென்று அதைக் கரைத்து மாட்டைக் குளிப்பாட்டுவதும் இன்னும் நடக்கிறது. தோல் வழியாக உள்ளே இறங்கி மாடு வாயில் நுரை தள்ளிச் சாகும், குளிப்பாட்டியவருக்கும் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வயிறு உப்புசத்துக்கு வருவோம், நேரம் மிகக் குறைவாக இருப்பது இதில்தான். மழைக்குப் பிறகு இளசான குதிரைமசாலோ காராமணிக் கொடியோ வயிறு முட்டத் தின்று வந்தால் நுரை உப்புசம் வரும். ஆட்டுக்கு 50 முதல் 100 மில்லி, மாட்டுக்கு 250 முதல் 500 மில்லி கடலை எண்ணெய் புகட்டினால் நுரை உடையும். புகட்டும் விதத்தைக் கவனியுங்கள்: ஆட்டை இரண்டு கால்களுக்கு நடுவில் நிறுத்தி, தலையை முதுகு மட்டத்துக்கு மேல் தூக்காமல், கடைவாயில் பல் இல்லாத இடைவெளியில் சிரிஞ்சை விட்டு, ஒரு வாய் தள்ளி, தொண்டை அசைந்து விழுங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயில் மடமடவென்று ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும், உப்புசத்தில் பிழைத்த மாடு நாலு நாளில் நிமோனியாவில் போகும். இருமினால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்த விடுங்கள். படுத்துக் கிடக்கும், தலையைத் தூக்க முடியாத மாட்டுக்கு எதையும் புகட்டக் கூடாது. முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, வாயில் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டினால் மென்று மென்று எச்சில் ஊறும், ஏப்பமும் வரும். மண்ணெண்ணெய் கொடுப்பது வேண்டவே வேண்டாம். இடது குழியில் குத்திக் காற்றை எடுப்பது டாக்டரின் வேலை, அதனால் எண்ணெய் கொடுக்கும்போதே இன்னொருவர் போன் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

விசேஷ வீட்டில் மீந்த சோறு, பாயசம், அரிசி மூட்டைக்குள் தலையை விட்டது, இவற்றால் வருவது வேறு, அது வயிற்றில் புளிப்பு ஏறுவது. ஆடு தள்ளாடும், பல்லைக் கடிக்கும், சில மணி நேரம் கழித்துப் புளித்த வாடையுடன் கழியும். இதற்கு எண்ணெய் பயன்படாது. இருபது கிலோ ஆட்டுக்குச் சமையல் சோடா 15 முதல் 20 கிராம், அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு, அதைக் கொடுத்துவிடாதீர்கள். பண்டிகை முடிந்து மீந்ததையெல்லாம் மாட்டுக்குக் கொட்டுகிற பழக்கத்தை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி நிறுத்துங்கள், பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் உயிரை வாங்கும்.

பெட்டியால் எதுவும் செய்ய முடியாத அவசரங்களும் உண்டு. வாடிய சோளப் பயிரையோ மரவள்ளி இலையையோ தின்றுவிட்டு ஆடு மூச்சுத் திணறி விழுந்தால் அது சயனைடு விஷம், அதற்கு மாற்று மருந்து டாக்டர் நரம்பில் போடுவதுதான். "மரவள்ளி இலை தின்றுவிட்டது" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம், நடக்க விடாமல் வண்டியில் ஏற்றுங்கள். நஞ்சுக்கொடி பாதி தொங்கினால் இழுக்காதீர்கள், கல்லைக் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

குட்டி போடுகிற காலம் நெருங்கும்போது பெட்டியில் கொதிக்க வைத்த நூலும் புது பிளேடும் சேர்த்து வையுங்கள். தொப்புள் கொடியை வயிற்றிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கட்டி, கட்டுக்குக் கீழே வெட்டி, அயோடினில் முக்கி எடுக்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் போய்விட வேண்டும், இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் மொத்தம் 200 மில்லியாவது. மார்கழிக் குளிரில் பிறந்து வாய் சில்லென்று இருக்கும் குட்டிக்குப் பாலைப் புகட்ட அவசரப்படாதீர்கள், முதலில் சூடு, பிறகுதான் பால். டவலில் சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் பொதிந்து பக்கத்தில் வைத்து, உடம்பு 100 டிகிரியைத் தொட்டு, விரலை வைத்தால் சப்புகிற நிலை வந்த பிறகு கொடுங்கள். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது, புரையும் ஏறும்.

மடிநோய்க்கு வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பல வருடமாகச் சொல்லிக்கொடுப்பது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுதாக வரும். பாலை முழுக்கக் கறந்து கீழே ஊற்றிவிட்டு, மடியைக் கழுவி, விழுதில் ஒரு கையளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும், ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை, ஐந்து நாள். தினமும் புதிதாக அரைக்க வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் நன்றாகக் கேட்கும். காய்ச்சல் இருந்தாலோ, பாலில் ரத்தம் வந்தாலோ, மடி சில்லிட்டு நிறம் மாறினாலோ பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கோழிக்குப் பெட்டியில் பாதி அந்த மூடி போட்ட கூடைதான். ஒரு கோழிக்குச் சின்னக் காயம் பட்டு ரத்தம் தெரிந்தாலே மற்றவை கொத்திக் கொத்தியே கொன்றுவிடும், அதனால் முதல் வேலை பிரித்து இருட்டாக, நிழலாக வைப்பது. உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினால் கசப்புக்குக் கொத்தவும் மாட்டா, ஈயும் வராது. நகமோ அலகு முனையோ உடைந்து ரத்தம் வந்தால் படிகாரத் தூளை வைத்து அழுத்துங்கள். மருந்தைக் கோழியின் தொண்டைக்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழல் வாய் நாக்கு முடிகிற இடத்திலேயே திறந்திருக்கும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். வெயிலில் இறக்கையை விரித்து வாயைப் பிளந்து நின்றால் நிழல், கால்களுக்குத் தண்ணீர், குடிக்க ஓஆர்எஸ்.

வெள்ளைக் கழிச்சலுக்குப் பெட்டியில் மருந்து தேடாதீர்கள், உலகத்தில் எங்கும் இல்லை. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி, அவ்வளவுதான் வழி. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் இந்தத் தடுப்பூசி தயாராகிறது, பிப்ரவரி வாக்கில் ஊர் ஊராக இலவச முகாமும் நடக்கும், மருந்தகத்தில் தேதியைக் கேட்டு வையுங்கள். நாலைந்து கோழி ஒரே நாளில் செத்தால் வெறும் கையால் தொடாதீர்கள், அறுத்துச் சமைக்காதீர்கள், மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி புதையுங்கள்.

பெட்டியை ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் தொங்கவிட வேண்டாம், அந்தச் சூட்டில் மருந்து வீரியம் போய்விடும். வீட்டுக்குள், குழந்தைக்கு எட்டாத இடத்தில், அழுத்தி மூடுகிற பிளாஸ்டிக் வாளி போதும். மூடியின் உள்பக்கம் உங்கள் மருந்தக டாக்டரின் எண்ணையும் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையும் எழுதி ஒட்டுங்கள், உங்கள் பக்கத்துக்கு எந்த நேரத்தில் வண்டி வரும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மாட்டுப் பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் கொட்டகையை எப்படியும் சுத்தம் செய்வோம், அன்றைக்கே காலாவதி தேதியையும் பார்த்துவிடலாம்.

இனி ஊசி. வாங்கி வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எந்த ஆன்டிபயாட்டிக், எத்தனை நாள் என்று தெரியாமல் ஒரு நாள் போட்டு விடுவதால் நோய் பாதியில் நின்று திரும்பி வரும், அந்த மருந்து பாலிலும் முட்டையிலும் இறங்கி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே போகும். டாக்டர் போட்டாலும் எத்தனை நாள் பாலைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வலி ஊசி விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போடுவது 2006 முதல் தடை, கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023 முதல் தடை. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளுக்குச் சிறுநீரகம் பழுதாகி நாடு முழுக்கப் பெரும்பாலும் அழிந்துபோயின, நீலகிரி அடிவாரம் மாயாறு பள்ளத்தாக்கில்தான் தமிழ்நாட்டில் இன்னும் கூடு கட்டுகின்றன. ஆனாலும் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் ஊசியை மெடிக்கலில் வாங்கி மாட்டுக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, அது கழுகுக்குத் தீங்கில்லை, டாக்டரிடம் அதையே கேளுங்கள். கால்சியம் ஊசியும் அப்படித்தான், கன்று போட்ட மாடு எழவில்லை என்று தெரிந்தவர் யாரோ நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஊசி போடக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் கோழிக்குத் தடுப்பூசி போடுவதை மருந்தகத்தில் கேட்டுப் பழகுங்கள், முகாமில் ஆள் பற்றாத நேரத்தில் உங்கள் தெருக் கோழிகளுக்கும் சேர்த்துப் போட்டுக்கொடுக்கலாம்.